காரணம் சொன்னா குடுப்பேன்

நமக்கு முன்னால ஒரு அரசாங்க பஸ் கிளம்பிப் போச்சு, பாத்தீங்களா தம்பி. பாதி சீட்டு காலி. தாராளமா உக்காந்து போயிருக்கலாம். நான் ஏறமாட்டேன். பதினோரு வருஷமா ஏறல. இந்தத் தனியார் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயில்ல நின்னேன். பக்கத்துல நின்னவரு கேட்டாரு, "ரெண்டும் தென்காசிக்குத்தான அண்ணாச்சி போகுது?"ன்னு. தென்காசிக்குத்தான் போகுது. யார் காசுல போகுது? உங்க காசு, எங் காசு. நம்மகிட்டக் கேட்டா எடுத்தாங்க?

எம் பேரு குற்றாலிங்கம். சங்கரன்கோவில்ல பெயிண்ட் கடை வச்சிருக்கேன். இருபத்தேழு வருஷம் ஆச்சு. எந்தக் கட்சிக்காரனுக்கும் கும்பிடு போட்டதில்ல, பேங்குல மானியக் கடன் வாங்கினதில்ல. ரேஷன் கார்டு இருக்கு, விலாசத்துக்கு ஒரு அத்தாட்சி வேணுமேன்னு வச்சிருக்கேன். ஒரு கிலோ அரிசி வாங்கினதில்ல. இலவசமா டிவி குடுத்தாங்களே, ஊரே தூக்கிட்டு வந்துச்சு, எங்க வீட்டுக்கு வந்ததத் திருப்பி அனுப்பினேன். எம் பொண்டாட்டி வாசல்ல நின்னு, அந்த டிவி அடுத்த வீட்டுக்குப் போறதப் பாத்துக்கிட்டே நின்னா. பாக்கட்டும், பாக்கதுக்குக் காசா.

ஓட்டும் போடுறதில்ல. எந்தத் திருடன் வரணும்னு நான் ஏன் கையில மை வச்சுச் சொல்லணும்?

கோயம்புத்தூர்ல ஒரு ரெண்டு நாள் வகுப்பு நடந்துச்சு, வியாபாரிகளுக்கு. அங்க ஒருத்தர் பேசினாரு. மனுஷனுக்குச் சொந்தம் மூணுதான். அவன் உடம்பு, அவன் உழைப்பு, உழைச்சுச் சேத்தது. இந்த மூணுல எதையும் அவன் சம்மதம் இல்லாம எவன் தொட்டாலும் அது வழிப்பறி. வரின்னு பேரு வச்சா வழிப்பறி இல்லன்னு ஆயிருமா? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. இத்தனை வருஷமா உள்ளுக்குள்ள எரிஞ்சதுக்கு ஒருத்தன் பேரு சொல்லிட்டான்.

வரி ஆபீஸ்லருந்து வருவாங்க. மூணு வருஷத்துக்கு முன்னால வாங்கின, சுவத்துல பூசுற பட்டி மூட்டைக்கு பில் எங்க, யாருக்கு வித்தே, ஏன் அந்த மாசம் கூட வித்துச்சு, இந்த மாசம் ஏன் குறைஞ்சிச்சு. எங் காசு, எங் கடை. காரணம் கேக்க நீ யாரு? ஒரு மனுஷன ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்ல வச்சா அவன் மனுஷனா இருக்க முடியுமா, சொல்லுங்க. கூனிப் போயிருவான்.

எம் பொண்டாட்டி பேரு செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. நல்லவதான். நான் குறையா ஒண்ணும் சொல்லல. வீட்டுல என்ன வேணும்னாலும் கேக்கலாம், காரணம் சொன்னா குடுப்பேன். எண்ணெய் தீந்துட்டுன்னா குடுப்பேன். போன வாரம் வாங்கினது எப்படித் தீந்துச்சுன்னு கேப்பேன். சொல்லிட்டா குடுத்துருவேன். இல்லைன்னு சொன்னதே கிடையாது. முதல்ல எல்லாம் நிறையக் கேப்பா. அப்புறம் கேக்கதையே குறைச்சுக்கிட்டா. நான்கூட, பரவாயில்லையே, சிக்கனம் பழகிட்டான்னு சந்தோஷப்பட்டேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. பத்மப்ரியா. எம்.எஸ்ஸி படிக்க வச்சேன், தனியார் காலேஜ்தான். அவ ஒரு பையனக் கட்டிக்கிட்டா. ஜெயசீலன்னு பேரு. அரசாங்க பஸ்ல கண்டக்டர்.

நான் சாதி பாக்கிற ஆள் இல்ல தம்பி. எங் கடையில எல்லாரும்தான் வாராங்க, எல்லார் காசையும்தான் வாங்கிக் கல்லாவுல போடுதேன். எனக்குக் கஷ்டம் என்னன்னா, அவன் அரசாங்கச் சம்பளம் வாங்குதவன். எங்கிட்டப் பறிச்ச காசுல சாப்பிடுதவன். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அத பஸ்ல வச்சுப் பேச வேண்டாம்.

ஆனா தடுத்தேனா? மத்தவன் மாதிரி ஆள் அனுப்பினேனா, அருவாளத் தூக்கினேனா? ஒண்ணும் செய்யல. "உனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. உன் உடம்பு, உன் வாழ்க்கை. நீ போறது உன் சுதந்திரம். எங்க வீட்டு வாசல உனக்குச் சாத்துறது என் சுதந்திரம்"னு சொன்னேன். அவ்வளவு நாகரிகமாச் சொன்ன தகப்பன எங்க சாதியில காட்டச் சொல்லுங்க. அழுதா. செண்பகமும் அழுதா. நான் குரலைக்கூட உசத்தல.

ஆறு வருஷம் ஆச்சு அது. ஒரு குழந்தை பிறந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். பொம்பளப்பிள்ளைன்னு சொன்னாங்க.

போன ஆவணி மாசம், கூட்டுறவு பேங்குல வேலை பாக்கிற ஒருத்தர் தன் வீட்டுக்கு அடிக்கப் பெயிண்ட் வாங்கக் கடைக்கு வந்தாரு. டப்பாவத் திறந்து கலர் காட்டிக்கிட்டு இருக்கேன். "அக்கா கையெழுத்து முத்து முத்தா இருக்கு அண்ணாச்சி, எத்தனாவது வரை படிச்சிருக்காங்க?"ங்காரு. எந்த அக்கான்னேன். "நம்ம வீட்டு அக்காதான். மாசாமாசம் மகளிர் ஆயிரத்தை எடுக்க வருவாங்களே."

எனக்குக் கையில இருந்த குச்சி பெயிண்டுக்குள்ளயே விழுந்துருச்சு. மாசம் ஆயிரம், அரசாங்கத்துகிட்ட, எம் பொண்டாட்டி. இத்தனை வருஷம் நான் ஒரு பைசா தொடாம நின்னிருக்கேன், எனக்குப் பின்னால எங்க வீட்டுக்குள்ளயே அரசாங்கம் வந்து உக்காந்திருக்கு.

கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா.

"எத்தன மாசமா வாங்குத?"

மறைக்கல. "ரெண்டு வருஷம் ஆகப் போகுது"ன்னா.

"ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா காரணம் கேப்பீங்க."

"காரணம் கேக்காம எவன் குடுப்பான்?"

"அவங்க குடுக்காங்க"ன்னா.

அதச் சொல்லிட்டுக் கீரையத்தான் பாக்கா, என் மூஞ்சியப் பாக்கல. எதுக்குச் செலவழிச்சேன்னு கேட்டேன். பத்மா வீட்டுக்குப் போறாளாம். சேந்தமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு, பேரு வேண்டாம். மாசம் ரெண்டு தடவ, நான் கொள்முதலுக்கு மதுரை போற நாளாப் பாத்து, பொம்பளைங்களுக்குக் காசு வாங்காத அந்த பஸ்லயே ஏறி, மாறிப் போய்ப் பாத்துட்டு வந்திருக்கா. அந்தப் பிள்ளைக்குக் கவுனு, கொலுசு, ஆப்பிள், அப்படி வாங்கிட்டுப் போயிருக்கா. ரெண்டு வருஷம் தம்பி. நான் திரும்பி வரும்போது வீட்டுல இருப்பா. சோறு போடுவா. ஒரு நாளு ஒரு வார்த்தை வரல.

நீங்களே சொல்லுங்க, யார் யார ஏமாத்தினது?

அடிக்கல. நான் கை நீட்டுற ஆள் கிடையாது. அடுத்தவன் உடம்ப அவன் சம்மதம் இல்லாமத் தொடக்கூடாதுங்கிறது கொள்கை. மறுநாள் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். "எங்க வீட்டுக்கு இந்தத் தொகை வேண்டாம், நிறுத்துங்க"ன்னேன். வாங்குதவங்கதான் வந்து எழுதிக் குடுக்கணுமாம். நான் புருஷன்னேன். "புருஷன் சொன்னா நிறுத்த முடியாது சார், இது அவங்க பேர்ல"ன்னு ஒரு பொம்பளை அதிகாரி சொல்லுது. அப்ப வேற வழியே இல்லையாம்மான்னு கேட்டேன். அதுதான் சொல்லிக் குடுத்துச்சு. குடும்பத்துல வருமானம் அளவுக்கு மேல இருந்தா தானா ரத்தாயிருமாம். "உங்க வருமானம் கம்மியா இருக்கதாலதான் அவங்களுக்குக் கிடைச்சிருக்கு"ன்னு கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டிச்சு.

அதுல இருந்த தொகையப் பாத்து எனக்கே சிரிப்பு வந்துருச்சு. நான் காட்டின கணக்குதான் அது. வழிப்பறிக்காரன்கிட்ட மடியில இருக்கிற முழுசையும் எவனாவது காட்டுவானா? நாலுல ஒரு பங்குதான் காட்டுவேன். காருகூட எங் கூடப்பிறந்த தம்பி பேர்லதான், அவன் வீட்டுலதான் நிக்கு.

வீட்டுக்கு வந்து ராத்தூக்கம் இல்லாம யோசிச்சேன்னெல்லாம் சொல்லமாட்டேன். அங்கேருந்து நேரா ஆடிட்டர் வீட்டுக்குத்தான் போனேன். "முழு வருமானத்தையும் காட்டுங்க"ன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டித் துடைச்சிட்டு, "அண்ணாச்சி, உடம்பு ஏதும் சரியில்லையா?"ங்காரு. தொண்ணூத்தி ரெண்டாயிரம் வரி வந்துச்சு. கட்டினேன். பத்து வருஷமா எந்தக் காசக் குடுக்கக்கூடாதுன்னு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு இருந்தேனோ, அத ஒரே கையெழுத்துல கட்டினேன். பொய் சொல்லல தம்பி, அன்னைக்கு மாதிரி நிம்மதியா நான் எந்தக் காசும் குடுத்ததில்ல.

ஐப்பசியில ஆயிரம் நின்னுபோச்சு. பேங்குக்குப் போயிட்டு வெறுங்கையோட வந்தா. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். "இந்த மாசம் வரலையாமே"ன்னு நானாக் கேட்டேன். ரசத்த ஊத்திட்டு உள்ள போயிட்டா.

இந்த வேகம் அரசாங்கத்துல நான் எதிர்பாக்கவே இல்ல. அந்த அதிகாரி நல்ல பொம்பளை, சொல்லணும்.

சரி, ஆயிரம் போச்சு, இனி அடங்கிருவான்னு நினைச்சேன். அடங்கல. வெறுங்கையோடயே போறா. பஸ்ஸுதான் ஓசியாச்சே. அதுக்கு என்ன மனு போடன்னு கேட்டுப் பாத்தேன், அதுக்கு இடமில்லைன்னுட்டாங்க. கார்த்திகை மாசம் ஒரு காலையில கிளம்பி நிக்கா. வாசல்ல வச்சுச் சொன்னேன்.

"ஓசி பஸ்ல ஏறினா திரும்ப இந்த வாசல்ல ஏறாத. இது எங் கொள்கை."

"அப்ப டிக்கெட் எடுத்துப் போறேன். அம்பது ரூவா குடுங்க"ன்னா.

"எதுக்கு?"

"பத்மாவப் பாக்க."

"அந்தக் காரணத்துக்கு இல்ல."

"பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. ஒத்தையில கிடந்து முழிக்கா பத்மா"ன்னா. நான் சொன்னேன், "பெத்துக்கிட்டது அவ முடிவு. நானா பெத்துக்கச் சொன்னேன்? இந்த வீடு என் சொத்து, இங்க என் சட்டம். பிடிச்சா இரு. பிடிக்கலைன்னா போ. நான் கதவப் பூட்டல, கையப் பிடிச்சு நிறுத்தல. முழுச் சுதந்திரம் உனக்கு."

கையில கிடந்த ரெண்டு வளையலையும் கழட்டினா. நான் கேக்கல, அவளாத்தான் கழட்டி ஷோகேஸ் மேல வச்சா. அது நியாயமும்கூட, பில் எம் பேர்லதான் இருக்கு. தாலிய நான் கேக்கல. அது ஒரு ஒப்பந்தம், ஒப்பந்தம் முறியாத வரைக்கும் அவகிட்டதான் இருக்கணும்.

என்ன கேக்கீங்க, அவ போட்டுக்கிட்டு வந்த நகையா? அவங்க அப்பா பன்னெண்டு பவுன் போட்டாரு, உண்மைதான். அத வித்துத்தான் தொண்ணூத்தி எட்டுல கடை வச்சேன். ஆனா அது முதலீடு, அவ சம்மதத்தோட போட்டது. சம்மதம்னா, வேண்டாம்னு அவ வாயத் திறந்து சொல்லலையே. கடையில உழைச்சது யாரு? நான். அப்ப கடை யாருது?

போனவ போனவதான். ஒரு வாரத்துல வந்துருவான்னு இருந்தேன். மார்கழி போச்சு, தையும் போச்சு. ஓட்டல்ல சாப்பிடுதேன். பரவாயில்ல, சாம்பார் நல்லாத்தான் இருக்கு.

அப்புறம் ஒரு நாள் அந்த ஊரு வி.ஏ.ஓ. கடைக்கு வந்தாரு. மரியாதையா உக்கார வச்சு டீ சொன்னேன். விஷயம் என்னன்னா, பேத்தி படிக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடத்துல சமையல் உதவிக்குத் தினக்கூலியாச் சேந்திருக்கா. வேலைய நிரந்தரமாக்க ஒரு சான்று வேணுமாம். கணவனால் கைவிடப்பட்டவர்னு சான்று. அதுக்கு விசாரிக்க வந்திருக்காரு.

"நான் யாரையும் கைவிடல"ன்னேன். "அவ ஆதாயம் தேடி அவளாப் போனா. வீட்டுக் கதவு இன்னைக்கும் திறந்துதான் கிடக்கு."

"திரும்பக் கூட்டிக்கிடுதீங்களா அண்ணாச்சி?"

"வரட்டும். ஏன் போனேன், ஏன் வந்தேன்னு காரணம் சொல்லணும். மகளப் பாக்கமாட்டேன்னு எழுதித் தரணும்."

அவரு டம்ளர கீழ வச்சாரு. "அது நடக்காது போலிருக்கு. எனக்கும் அவளுக்கும் இனி உறவு இல்லைன்னு ஒரு வரி நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, அத வச்சு நான் அக்காவுக்குத் தாலுகா ஆபீஸ்ல சான்று வாங்கிக் குடுத்துருவேன். பாவம், வேகாத வெயில்ல அடுப்படியில நிக்காங்க."

"பாவம்னா உங்க பாக்கெட்லருந்து குடுங்க. நான் ஒரு எழுத்துக்கூட எழுதமாட்டேன்"ன்னு அனுப்பிட்டேன்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால நானே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஏன் போனேன்னு கேக்காதீங்க. சும்மா, ஒரு மனுஷன் தன் இஷ்டத்துக்கு ஒரு இடத்துக்குப் போகக்கூடாதா? மத்தியானம், பிள்ளைங்க தட்டக் கழுவிக்கிட்டு நிக்குது. செண்பகம் பெரிய அண்டா ஒண்ணச் சாய்ச்சு வச்சு, தலைய உள்ள விட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. கறுத்துப் போயிருக்கா. முன் கையில எண்ணெய் தெறிச்ச தழும்பு. என்னப் பாத்தா. தேய்க்கத நிறுத்தல.

ஒரு சின்னப்பிள்ளை அவ சேலையப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. எங்க அம்மா ஜாடை, அப்படியே. அந்த நெத்தி, அந்தக் காது. எனக்கு அது யாருன்னு ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்ல.

"யாரு ஆச்சி இது?"ன்னு கேக்கு.

செண்பகம் அண்டாவுக்குள்ளருந்தே சொல்லுதா, "பெயிண்டு கடைக்காரரு. பள்ளிக்கூடத்துச் சுவர அளக்க வந்திருக்காரு."

பிள்ளை சுவரப் பாத்துச்சு, என்னப் பாத்துச்சு. "என்ன கலரு அடிக்கப் போறீங்க தாத்தா?"ன்னுச்சு. வயசான ஆள எல்லாப் பிள்ளையும் அப்படித்தான கூப்பிடும்.

"அரசாங்கம் என்ன கலரு சொல்லுதோ, அது"ன்னேன்.

அரசாங்கத்துகிட்ட மஞ்சள்னு சொல்லச் சொல்லிச்சு. நான் வந்துட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் திரும்பிப் பாக்கல. எனக்கு என்ன கோபம்னா தம்பி, பொய் சொல்லுதா. பிள்ளைகிட்டயே பொய். அரசாங்க வேலைல சேந்து நாலு மாசம் ஆகல, பொய் சொல்லப் படிச்சிட்டா.

அதுக்காகத்தான் இன்னைக்குத் தென்காசி போறேன். திங்கக்கிழமை கலெக்டர் மனு வாங்குவாரு. எல்லாம் எழுதிட்டேன். வரி கட்டுற குடும்பத்துப் பொம்பளை, ஏழைங்களுக்கான வேலையில இருக்கா. சமைக்கிற எடத்துலயே பேத்தி சாப்பிடுது, அதுக்கு எத்தன முட்டை போகுதுன்னு யாருக்குத் தெரியும், விசாரிக்கணும்னு அதையும் எழுதியிருக்கேன். அவ வேலை பாக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. சுதந்திரமா எங்கயும் பாக்கட்டும். எங் காசுல வேண்டாம். அந்தக் கூலியும் நின்னுட்டா எங்க போவா? மருமகன் சம்பளத்துல எத்தன நாள் கூச்சமில்லாம இருப்பா? வருவா. வந்து காரணத்தச் சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு, நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல.

ஒரு சிக்கல்தான். போன திங்கக்கிழமையே போனேன். அங்க மரத்தடியில மனு எழுதிக் குடுக்கிறவரு படிச்சுப் பாத்துட்டு, "கணவர்னு போட்டா, முதல்ல நீங்க ஜீவனாம்சம் குடுங்கன்னு உங்களையே பிடிப்பாங்க. சம்பந்தமில்லாத ஆள், பொதுநலத்துக்காகக் குடுக்காருன்னு இருந்தாத்தான் எடுப்பாங்க"ன்னாரு. மனுவுல ஒரு கட்டம் இருக்கு, எதிர்மனுதாரருக்கும் உங்களுக்கும் என்ன உறவுன்னு. அத நிரப்பாமத்தான் ஒரு வாரம் வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில கடையில உக்காந்து நிரப்பிட்டேன்.

இந்தா, நீங்களே பாருங்க. எனக்குக் கண்ணாடி இல்லாமச் சரியாத் தெரியாது. பேரு, விலாசம், கீழ கையெழுத்து, தேதி. நடுவுல அந்தக் கட்டத்துல "உறவு இல்லை"ன்னு எழுதியிருக்கேன், எழுத்து தெளிவாத் தெரியுதா?

நல்லாப் படிச்சுச் சொல்லுங்க. மூணு காப்பி எடுக்கணும்.